வாடாத மாலையின் கெடு

சொர்க்கமும் நரகமும் ஒரே சுவருக்கு இருபுறமும் உள்ள உலகங்கள். நரகத்து அடுப்பின் வெக்கையில் தன் சபை புழுங்கியதால், இந்திரன் சினந்து வந்து, அடுப்பெரிக்கும் வேம்பனை மிரட்டினான்.

"இந்த நெருப்பை அணை. தவறினால் எண்ணெய்க் கொப்பரையில் நீதான் வெந்துபோவாய்."

"பாவம் உள்ளவரை அணையாத நெருப்பு, சாமி. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். உங்கள் கழுத்து மாலை வாடுவதற்குள் அணைத்துவிடுகிறேன்."

"அவ்வளவுதானே? தந்தேன்," என்றான் இந்திரன்.

அருகிலிருந்த எமன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "தேவர்கள் மாலை வாடாதே, தேவேந்திரா."

இந்திரன் குனிந்து பார்த்தான். வாடியது என்றால் அவன் தேவனில்லை. வாடவில்லை என்றால் கெடு முடியவில்லை. வந்த வழியே திரும்பினான்.

வேம்பன் அடுத்த விறகை உள்ளே தள்ளினான்.

அன்பர்களே, பிறர் தலைக்குக் கெடு வைக்குமுன் நம் கழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.