குருவி மாமாவுக்கு முதல் கொண்டை

அந்தக் காலத்தில் குருவி பேசினால் மனிதருக்குப் புரியும். மனிதர் பேசினால் குருவி எதிர்த்துப் பேசும். அப்படி எல்லோரும் ஒருவரோடு ஒருவர் வாயாடிக்கொண்டு கிடந்த நாளில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள். பெயர் சீனியம்மா, கூப்பிடுவது சீனி. நடக்கத் தெரிந்த அன்றே ஓடவும் தெரிந்துகொண்ட பிள்ளை அது.

சீனியிடம் எல்லாமே அழகுதான், முடிதான் வம்பு. பிறக்கும்போதே கருகருவென்று தலை நிறைய முடியோடு பிறந்தவள். அது வளர்ந்து நெற்றியை மூடி, புருவத்தை மூடி, இப்போது கண்ணையும் மூடிவிட்டது. வெட்டிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட முதல் முடி. சாமி முன்னால், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட வேண்டும். அதுவரை அதன்மேல் இரும்பு படக்கூடாது. அந்தத் தாய்மாமனோ, அதுதான் இருளாயியின் அண்ணன், ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். மாசித் திருவிழாவுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

சரி, வாரிக் கட்டலாம் என்றால் பிள்ளை பிடி கொடுத்தால்தானே? எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிற சத்தம் கேட்டாலே சீனி ஓடிப்போய் நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இழுத்துவந்து மடியில் இடுக்கினால் கெண்டை மீன் மாதிரி வழுக்குவாள். எண்ணெயில் பாதி அவள் தலைக்கு, பாதி இருளாயியின் சேலைக்கு. வலது பக்கம் வாரி முடிப்பதற்குள் இடது பக்கத்தைக் கலைத்திருப்பாள். அதையும் தாண்டி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், கட்டிய வாழைநாரை உருவி ஆட்டுக்குட்டிக்குத் தின்னக் கொடுத்துவிடுவாள்.

இந்தக் கூத்தை ஒரு நாள் விடாமல் வேடிக்கை பார்க்க ஓர் ஆள் உண்டு. முற்றத்து மருதாணிச் செடியில் குடியிருந்த குருவி. அந்தக் காலத்தில் அதற்குக் கொண்டை கிடையாது. எண்ணெய் தேய்த்த புளியங்கொட்டை மாதிரி தலை மழமழவென்று இருக்கும். ஊரே அவனை மொழுக்கன் என்றுதான் கூப்பிடும். அவனுக்கும் அதில் பெருமைதான். ஆடு குடிக்க வைத்த தண்ணீரில் தன் தலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளாமல் எந்த வேலைக்கும் கிளம்பமாட்டான்.

"என்ன இருளாயி, இன்னிக்கு யாரு செயிச்சது? நீயா, உம் மகளா?" என்பான்.

"வாய் பேசாத. வந்து ஒரு கை பிடி."

"எனக்கென்ன தாயி? என் தலையில ஒரு இறகு கலைஞ்சு பாத்திருக்கியா? அதெல்லாம் பொறந்த பொறப்பு."

"ஒனக்கு ஒரு குஞ்சு பொறக்கும்ல, அப்ப பாக்குறேன் ஒன் பவுச."

சீனிக்கு மொழுக்கன் என்றால் உயிர். வாய் திருந்தாத அந்த வயதிலேயே அவனை மாமா என்று கூப்பிடுவாள். கேப்பைக் கூழை ஊட்டப் போனால் வாயை இறுக்க மூடிக்கொண்டு செடியைக் காட்டுவாள். "மாமாக்கு மொதல்ல." மாமா பறந்து வந்து ஒரு கொத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் இவள் வாய் திறக்கும். பழமானாலும் அப்படித்தான், கசாயமானாலும் அப்படித்தான். பழத்துக்கு மாமா உடனே வந்துவிடுவான். கசாயம் கொதிக்கிற வாசம் வந்தால் மட்டும் அவனுக்கு எங்காவது தூரத்தில் அவசர வேலை வந்துவிடும்.

முடி குத்திக் குத்திச் சீனியின் கண் சிவந்துபோயிற்று. தெளிவாக ஒரு பொருளைப் பார்த்து எடுக்க முடியவில்லை. கையைத் துழாவித் துழாவித்தான் எடுத்தாள். மாசி வரட்டும், அண்ணன் வரட்டும் என்று இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு காலை வேளையில் கூரைமேல் காக்கை வந்து உட்கார்ந்தது.

"ஒங்கண்ணன் சொல்லி அனுப்பிச்சாரு. ஆடெல்லாம் குட்டி போட்டுக்கிட்டு இருக்காம். இந்தத் திருவிழாவுக்கு வர முடியாதாம். அடுத்த வருசம் பாத்துக்கலாமாம்."

"அடுத்த வருசமா? அதுக்குள்ள இவ முடி இவ காலையே தட்டிவிட்டுருமே! அவருகிட்ட இதைச் சொல்லலையா நீ?"

"நான் சொல்லத்தான் வந்தேன், கேக்க வரல. பழைய சோறு ஏதாச்சும் இருந்தா குடு" என்றது காக்கை.

இருளாயி காக்கையோடு மல்லுக்கு நின்ற அந்த நேரத்தில், ஆட்டுக்குட்டி வீட்டுக்குப் பின்பக்கம் துள்ளியது. சீனியும் அதன் பின்னால் ஓடினாள். பின்பக்கம் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

மொழுக்கன் அன்றைக்குக் காலையிலிருந்தே குளித்துக் குளித்துத் தலையை நீவிக்கொண்டிருந்தான். ஓடைக்கரை அத்திமரத்தில் புதிதாக வந்திருந்த பெட்டைக்குருவி ஒன்றின்மேல் அவனுக்கு ஒரு கண். அன்றுதான் போய்ப் பேசுவதாக இருந்தான். கிளம்பும்போது எதேச்சையாகக் கீழே பார்த்தான். முகமெல்லாம் முடியாக, கை இரண்டையும் விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சீனி கிணற்றைப் பார்த்து ஓடுகிறாள்.

"இருளாயி! கெணறு! கெணறு!" தொண்டை கிழியக் கத்தினான்.

அந்தக் குரல் கேட்டதும் சீனி நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். "மாமா? மாமா எங்க?" தலைக்கு நேர் மேலே பறந்துகொண்டிருந்தவனை அவளால் பார்க்க முடியவில்லை. இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். ஒரு கால் விளிம்பில் இருந்தது. பாய்ந்துவந்த இருளாயி, கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்து, பிள்ளையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நேரே வீட்டுக்குள் போய்க் கதிர் அறுக்கிற அரிவாளோடு முற்றத்துக்கு வந்தாள்.

"ஐயையோ, சாமி முடி!" என்றது காக்கை.

"சாமி கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும். எனக்கு எம்புள்ள கண்ணு தெரியணும்" என்றாள் இருளாயி. சொன்னாளே தவிர, அரிவாளை முடியில் வைக்கவில்லை.

"இரு தாயி, இரு" என்று மொழுக்கன் கீழே இறங்கினான். "அதைக் கீழ போடு. நான் தினமும் மேல இருந்து பாக்குறேன்ல? நீ ரெண்டு பக்கமும் பிரிச்சு வாருற, அவ பாதியில ஓடிர்றா. எல்லாத்தையும் அள்ளி உச்சிக்குக் கொண்டு போ. ஒரே முடிச்சு. ஓடுறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்."

இருளாயி அரிவாளை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள். சீனி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"மாமாக்கு மொதல்ல."

காக்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருளாயி மொழுக்கனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் அரிவாளைப் பார்த்தான். கிணற்றுப் பக்கம் பார்த்தான். முடிக்கு நடுவே சிவந்து தெரிந்த கண்ணைப் பார்த்தான். அத்திமரத்தின் நினைப்பும் வந்தது.

"ஒரு முடிச்சுதான? இவளுக்குக் கட்டி முடிஞ்சதும் அவுத்துருவேன்."

"அவுத்துக்கோ."

"இறுக்கிக் கட்டாத."

வந்து அவள் முழங்கால்மேல் உட்கார்ந்தான். இருளாயி ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வைத்து, தலை இறகையெல்லாம் நுனிவிரலால் மேலே வாரித் தூக்கி, வாழைநாரால் ஒரு முடிச்சுப் போட்டாள். சுருக்கென்று இழுத்ததில் மொழுக்கனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆகா! என்ன சுகமா இருக்கு!" என்றான் சத்தமாக.

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த சீனி, தானாகவே வந்து அம்மா மடியில் உட்கார்ந்தாள். அள்ளினாள் இருளாயி, ஒரே வாரு, ஒரே முடிச்சு. உச்சியில் ஒரு கொண்டை துள்ளி நின்றது. அதன் கீழே நெற்றி. நெற்றிக்குக் கீழே, எத்தனையோ நாளாக முழுதாய்ப் பார்க்காத இரண்டு கண்.

சீனி கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். கையை நீட்டி இருளாயியின் மூக்கைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். "அம்மா!" என்றாள், அம்மா அப்போதுதான் ஊரிலிருந்து வந்ததுபோல. இருளாயி சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மொழுக்கன் மெல்லக் காலைத் தூக்கித் தன் தலை முடிச்சைப் பிராண்டினான். உடனே சீனியின் கையும் அவள் கொண்டைக்குப் போனது. "மாமா அவுக்குது!"

இருளாயியின் முகம் மாறியது. மொழுக்கன் காலைக் கீழே இறக்கினான். "அவுக்கலடி கண்ணு. அரிச்சுச்சு."

அந்தக் கோலத்தோடுதான் அத்திமரத்துக்குப் போனான். மரமே சிரித்தது. "அடேய் மொழுக்கா, தலையில என்னடா, வெங்காயத்தாளா?" அந்தப் பெட்டைக்குருவி மட்டும் சிரிக்கவில்லை. என்ன ஏது என்று கேட்டது. அவன் நடந்ததைச் சொன்னான்.

"நீ அவுத்துட்டா என்ன?"

"அவளும் அவுத்துருவா. பின்னால கெணறு இருக்கு."

பெட்டை அவன் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. "கட்டும்போது ரொம்ப வலிக்குமா?"

"மொத நாள் மட்டும் கொஞ்சம்."

மறுநாள் காலையில் இருளாயி முழங்காலில் இரண்டு குருவி உட்கார்ந்திருந்தன. சீனி கைதட்டினாள். "அத்தைக்கும்!"

மாசித் திருவிழா வந்தது. அண்ணன் வராவிட்டால் என்ன என்று இருளாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். கொண்டைபோட்ட குருவிகளும் கூடவே பறந்தன.

"மாமன் எங்கம்மா? மடி வேணுமே" என்றார் பூசாரி.

"மாமா" என்று சீனி மொழுக்கனைக் காட்டினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"குருவிக்கு ஏதும்மா மடி?"

"கெணத்துல விழப்போன புள்ளைய நிறுத்துனது இவன். அவ கண்ணு தெரியணும்னு தலையக் குடுத்ததும் இவன். ஒரு மாமன் இதுக்கு மேல என்ன சாமி செய்யணும்? இவனுக்கு மடி இல்லேன்னா அவளுக்கு இருக்குல்ல? அவ மடியில இவன் உக்காரட்டும்" என்றாள் இருளாயி.

பூசாரி சாமியைப் பார்த்தார். சாமி ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. "சரி, மாமனுக்கு முதல் மரியாதை. வாப்பா" என்று கூப்பிட்டார். மொழுக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இதுதான் எனக்குப் போட்ட ஆசனம் என்று நினைத்து, குங்குமத் தட்டில் போய்ச் சப்பென்று உட்கார்ந்தான். வாலுக்கு அடியெல்லாம் சிவப்பு. உதறினான், உதறினான், போகவில்லை; கூட வந்த பெட்டையின் வாலடியிலும் தெறித்ததுதான் மிச்சம். "மரியாதையைத் தட்டிவிடாதப்பா, இருக்கட்டும்" என்றார் பூசாரி.

பிறகு சீனி மடியில் மாமன் உட்கார, சீனி அம்மா மடியில் உட்கார, சாமி முடி இறங்கியது. மொட்டையில் சந்தனம் பூசினார்கள்.

"மொழுக்கா, இனி நீ அவுத்துக்கலாம்" என்றாள் இருளாயி.

அவன் ஆசையோடு காலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துச் சீனி தன் தலையைத் தடவினாள். கொண்டை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடியும் தடவினாள். உதடு பிதுங்கியது. மாமாவைப் பார்த்தாள். சந்தனக் கையை நீட்டி, அவன் கொண்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். பிதுங்கிய உதடு அப்படியே சிரிப்பாய் விரிந்தது.

தூக்கிய காலை மொழுக்கன் மெதுவாகக் கீழே வைத்தான். நார் எந்த மழையிலோ இற்று விழுந்தது. இறகு மட்டும் படியவே இல்லை. அவனும் படிய வைக்கவில்லை.

அன்று முதல்தான் கொண்டைக்குருவி, ஆணும் பெண்ணுமாய், தலையில் கொண்டையும் வாலடியில் சிவப்புமாய்த் திரிகிறது. முடி இறக்கும்வரை பிள்ளைகளுக்கு உச்சியில் ஒற்றைக் கொண்டை போடுவதும், சீப்பைக் கண்டு ஓடுகிற பிள்ளையை இழுத்துப் பிடித்து, "அங்க பாரு, மாமா கட்டிக்கிட்டாரு" என்று அம்மாமார் செடிப்பக்கம் கைகாட்டுவதும் அன்று முதல்தான்.