வெயிலில் எரிந்த விளக்குகள்

வளர்க்கிற பிள்ளையை ஒரு தடவைகூட நெஞ்சோடு அணைக்க முடியாத அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சிலம்பாயி அப்படி ஒரு அம்மா. அவள் முள்ளம்பன்றி. அவள் வளர்த்ததோ நாலு கௌதாரிக் குஞ்சுகள்!

மழைக்காலம் முடியப்போகிற சமயத்தில், பெற்ற தாய் வேடன் வைத்த கண்ணியில் மாட்டிப் போய்விட்டது. முட்டையை விட்டு வந்த ஈரம்கூடக் காயாத குஞ்சுகள் புதருக்குள் கிடந்து கீச்சுக் கீச்சென்று கத்தின. கிழங்கு தோண்டப் போன சிலம்பாயிக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து தன் வளையில் விட்டாள்.

அப்புறம்தான் சங்கடம் புரிந்தது. குஞ்சுக்குச் சூடு வேண்டும். இவள் பாசமாகக் கிட்டே ஒண்டினாலே, “ஐயோ அம்மா, குத்துது!” என்று நாலும் நாலு பக்கம் ஓடின.

நல்லவேளை, அந்தக் காட்டில் கரண்டு இருந்தது. மலைமேல் பெரிய குளம். அதன் மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் எல்லார் வீட்டிலும் பல்பு எரியும். எரிகிற பல்பு கூடக்கூட, மடையையும் அகலமாகத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சிலம்பாயி வளையின் நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். குஞ்சுகள் அதன் அடியில் கூடிப் படுத்தன. அவள் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். கையால் தடவ முடியாவிட்டால் என்ன? கண்ணால் தடவலாமே!

ஆனால் அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. போன வருஷம் பனிக்காலத்தில் கரண்டு பற்றாமல் ஒருவருக்கொருவர் கடித்துக்கொண்டார்கள். அதனால் தலைவர் கரடி, மழை தொடங்கும்போதே எல்லாரையும் கூட்டி அறிவித்துவிட்டார்.

“மழைக்காலத்தில் யார் எவ்வளவு எரிக்கிறீர்களோ, அந்த அளவுக்குத்தான் பனிக்காலத்தில் பங்கு! எரிக்காதவருக்குத் தேவை இல்லை என்று அர்த்தம்!”

“அட, நியாயம்தானே!” என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. பங்கு குறைந்துவிடுமே என்று ஆளாளுக்குப் பல்பு மாட்டினார்கள். முயல் வளைக்குள் மட்டுமா எரித்தது? வளைக்கு வெளியே, வாழைக்குக் கீழே, பாதி கடித்த கிழங்குக்குப் பக்கத்தில்கூட எரித்தது! நரி தன் குகை வாசலில் தோரணமாகவே கட்டியது. உச்சி வெயிலில் காடே ஜெகஜ்ஜோதியாக இருந்தது.

மடையைக் காத்த நீர்நாய் மட்டும் முணுமுணுத்தது. “பகலிலாவது அணையுங்களேன். மடையைக் கொஞ்சம் மூடுகிறேன்.”

“ஏன் மூடணும்?” என்று நரி சிரித்தது. “குளம் ததும்பி வழியுது! மிஞ்சின கரண்டை என்ன, ஊறுகாயா போடப் போறே?”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீர்நாயும் சிரித்துவிட்டுப் போய்விட்டது.

ஒருநாள் நரி, சிலம்பாயியின் வளைக்குள் எட்டிப் பார்த்தது.

“என்ன சிலம்பாயி, ஒத்தைப் பல்புதானா? உனக்குப் பனிக்காலத்துல மின்மினிப் பூச்சி வெளிச்சம் அளவுக்குத்தான் பங்கு வரும். அதுல இந்த நாலும் குளிர் காயுமா?”

சிலம்பாயி உடனே ஓடி மூன்று பல்பு வாங்கிவந்து வாசலில் மாட்டினாள். மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்த நேரம் அது.

கடைக்குட்டிக் குஞ்சு அண்ணாந்து பார்த்தது. “அம்மா, வெயில் அடிக்குதே! இங்கே எதுக்கு விளக்கு?”

“சும்மா இரு கண்ணு. எல்லாம் உங்களுக்காகத்தான்.”

பொய் சொல்லவில்லை, பாவம். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

மார்கழி பிறந்தது. மழை நின்றது. பனி இறங்கியது. நாலைந்து நாளாகப் பல்புகள் அழுது வடிந்தன. பிறகு ஒரு சாயங்காலம், பொழுது சாயும் நேரத்தில், காடு முழுக்க ஒரே சமயத்தில் அணைந்துபோயின.

நீர்நாய் சேறு அப்பிய காலோடு ஓடிவந்தது. “குளம் வற்றிப்போச்சு! மடையில வெறும் சேறுதான் வருது!”

“அதெல்லாம் தெரியாது! அதிகமா எரிச்சவன் நான். பாதிப் பங்கு எனக்குத்தான்!” என்று நரி குதித்தது.

“எடுத்துக்கோ!” என்று உறுமினார் கரடி. “ஒண்ணுமில்லாததுல பாதி!”

சிலம்பாயி அங்கே நிற்கவில்லை. வளைக்குப் பாய்ந்து ஓடினாள். குஞ்சுகளுக்கு இறகு இன்னும் சரியாக முளைக்கவில்லை. நாலும் அணைந்த பல்புக்கு அடியிலேயே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. பல்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கும் என்று நம்பின போலிருக்கிறது.

சருகை அள்ளிப் போட்டாள். சருகெல்லாம் பனியில் நனைந்திருந்தது. முள்ளை எல்லாம் உடம்போடு படிய வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல அவற்றின் பக்கம் நகர்ந்தாள்.

“குத்துது அம்மா!”

“பொறுத்துக்கோ என் ராசா, பொறுத்துக்கோ…”

அவளுக்கும் நடுக்கம். நடுங்கினால் முள் சிலிர்க்குமே! சிலிர்த்தது. கடைக்குட்டியின் இறக்கையில் ஒரு சொட்டு ரத்தம். சிலம்பாயி பதறி விலகினாள்.

வேறு வழி தெரியாமல் மலையேறிக் கரடியின் குகைக்கு ஓடினாள்.

“அண்ணே! உங்க மயிர் கம்பளி மாதிரி இருக்கு. என் பிள்ளைங்களைக் கொஞ்சம் அணைச்சுக்குங்க அண்ணே!”

கரடி எழுந்தார், ஓடிவந்தார், வளை வாசலை உடைத்துப் பெரிதாக்கி உள்ளே படுத்து, நாலையும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். விடியும்வரை அசையவில்லை.

விடிந்தது. கரடி மெல்லக் கையை எடுத்தார். கடைக்குட்டி மட்டும் தலையைத் தூக்கி, “கீச்” என்றது. மற்ற மூன்றும் விறைத்துக் கிடந்தன. அவர் வருவதற்கு முன்பே அவை போய்விட்டிருந்தன.

சிலம்பாயி வாசலில் குழி தோண்டினாள். அவள் நகத்துக்கு அது ரொம்பச் சின்னக் குழி. மூன்றையும் முதல்முறையாகக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். இப்போது எதுவும் “குத்துது” என்று சொல்லவில்லை.

கரடியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “நான் போட்ட சட்டம்தான் கொன்னுடுச்சு, தாயி.”

“உங்களை மட்டும் சொல்லி என்ன அண்ணே? நானும்தான் வெயில்ல எரிச்சேன். இதுங்களோட சூட்டை நானே எடுத்து வாசல்ல கொட்டினேன்.”

கடைக்குட்டி கரடியின் மயிருக்குள் மறுபடி புதைந்துகொண்டது. சிலம்பாயி அதைத் தள்ளி நின்றே பார்த்தாள். பிறகு மண்ணை மூடிவிட்டு, கரடியின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள்:

“அண்ணே, அடுத்த மழைக்குக் குளம் ததும்பி வழியும்போது, இன்னைக்கு மிஞ்சி நிக்கிறதுதான் நாளைக்கு இல்லாதவங்களோட உயிருன்னு எல்லாருக்கும் எடுத்துச் சொல்லி, அந்த மடையை மூடி வையுங்க அண்ணே!”