சூரியனைத் திருப்பிக் கேட்டவர்கள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கடலோரத்தில் முரசூர் என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட ராஜா வீரகண்டன். நல்ல மனநிலையில் இருந்தால் அள்ளிக் கொடுப்பான். கெட்ட சேதி சொன்னால் சொன்னவனைத் தொலைத்துவிடுவான்.

அவன் பட்டத்துக்கு வந்த பன்னிரண்டாம் வருஷம் சூரியன் மங்கிப்போனது. சித்திரை வெயிலே நிலா வெளிச்சம் மாதிரி கிடந்தது. நெல்லெல்லாம் பால் பிடிக்காமல் பதராயிற்று. ஆடிக்குள் வடக்குச் சீமையில் பிணம் விழத் தொடங்கியது. அந்தச் சீமையின் அதிகாரி சேந்தன், ஓடோடி வந்து சபையில், “மகாராஜா, பஞ்சம்!” என்றான். ராஜா அவன் நாக்கை அறுக்கச் சொல்லிவிட்டான்.

சேந்தன் வேறு யாருமில்லை, அமைச்சர் காரிநம்பியின் தங்கை புருஷன். அமைச்சர் அன்று சபையில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தங்கை அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அரசாணைகளை எழுதுகிற வில்லவராயனுக்கு வெகுநாளாக அமைச்சர் பதவி மேல் கண். ஒருநாள் அவன் ஓர் ஓலையோடு வந்தான்.

“மகாராஜா! தங்கள் கீர்த்தியின் ஒளியைக் கண்டு வெட்கி, உலகமெங்கும் சூரியன் மங்கினான் என்று எழுதியிருக்கிறேன். கோயில் சுவரில் வெட்டிவைப்போம். இந்த வருஷம் உலக நாடுகளில் நடந்ததையெல்லாம் அமைச்சர் திரட்டித் தந்தால் கீழே சேர்த்துவிடலாம்.”

ராஜா பூரித்துப்போனான். “பேஷ்! அமைச்சரே, ஒரு மாதம் தவணை.”

“ஒரே ஒரு நிபந்தனை,” என்று வில்லவராயன் இழுத்தான். “தங்கள் பெருமைக்குக் குறைவான சேதி ஒன்று இருந்தாலும்...”

“தலை போகும்,” என்று முடித்தான் ராஜா.

காரிநம்பி துறைமுகத்துக்குப் போனார். கப்பல் கப்பலாக ஏறி இறங்கி, வந்தவர்களையெல்லாம் விசாரித்தார். சீன வியாபாரி, தன் ஊரில் கோடை நடுவே ஆனி மாதத்தில் பனி கொட்டியதைச் சொன்னான். அரபு நாட்டுச் சோனகக் கப்பல்காரன், ஊரைக் காலிசெய்துவிட்டு ஓடிய ஜனங்களைப் பற்றிச் சொன்னான். மேற்கே வெகுதூரத்தில் ஒரே குழியில் நூறு பேரைப் போட்டு மூடுவதாக அவன் கேள்விப்பட்டிருந்தான். எந்தக் கரையிலிருந்து வந்தவனும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தன் கதை முடிந்தது என்றே அமைச்சர் நினைத்தார். சேதிகளைக் கீழே சேர்ப்பதற்காக வில்லவராயன் தந்திருந்த ஓலையை மடியிலிருந்து எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். இரண்டு மாதமாகச் சிரிக்காத மனிதர் கசப்பாகச் சிரித்தார். “ஐயாமார்களே, தவணை நாளன்று என்னோடு சபைக்கு வாருங்கள்,” என்றார்.

அன்று சபை நிறைந்திருந்தது. “மகாராஜா, முதலில் இந்த ஓலை மெய் என்று முத்திரை வையுங்கள்,” என்றார் காரிநம்பி. ராஜா சிரித்துக்கொண்டே முத்திரையை அழுத்தினான்.

“இனி உலகச் சேதி. தங்கள் பெருமை எட்டாத நாடே இல்லை. சாட்சிகளை அழைத்து வந்திருக்கிறேன்.”

சீன வியாபாரி முன்னால் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “சூரியனை மங்க வைத்தது நீங்கள்தான் என்றார்கள். என் மகள்கள் இரண்டு பேரையும் புதைத்துவிட்டுக் கப்பல் ஏறினேன். அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?”

சோனகன் கைகூப்பினான். “எங்கள் தெருவில் நாய்கூட மிச்சமில்லை. போதும் ராஜா. சூரியனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”

ராஜாவின் முகம் வெளுத்தது. “வில்லவராயா, பதில் சொல்!”

“அது... சும்மா அலங்காரத்துக்கு எழுதியது, மகாராஜா.”

“அலங்காரத்துக்கா ராஜா முத்திரை வைத்தார்?” என்றார் காரிநம்பி. “பொய்யென்றால் முத்திரை பொய். மெய்யென்றால் இந்த வியாபாரியின் பிள்ளைகளும் வடக்குச் சீமைப் பிணங்களும் முத்திரை வைத்தவர் பொறுப்பு. எது என்று மகாராஜா சொல்லட்டும்.”

ராஜாவின் கை வாளுக்குப் போனது. இந்தத் தடவை காரிநம்பி தலை குனியவில்லை.

வாளைப் பிடித்தபடியே ராஜா கேட்டான்: “வடக்கே எத்தனை பேர்?”

“அதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு நாக்கு இல்லை, மகாராஜா.”

ராஜா வாளை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அன்றைக்கே களஞ்சியங்கள் திறந்தன. வில்லவராயனைப் பார்த்து ராஜா சொன்னான்: “நீ வடக்கே போ. செத்தவர்களை உன் கையால் அடக்கம் பண்ணு. ஒவ்வொருவர் பெயரையும் விசாரித்து எழுது. அலங்காரம் கூடாது.” அமைச்சருக்குத் தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டான்.

நெல் வண்டிகளோடு வடக்கே போன காரிநம்பி முதலில் தங்கை வீட்டு வாசலில்தான் நின்றார். சேந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தங்கை நெல் மூட்டையையும் மாலையையும் பார்த்தாள்.

“இந்தத் தெருவில் பதினேழு வீடு பூட்டிக் கிடக்கிறது அண்ணா. இதை அன்றைக்கே பேசியிருக்கக் கூடாதா?”



மாசி மாதம் கோயில் சுவரில் எழுத்து வெட்டினார்கள். ராஜா பழைய ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தானே சொல்லச் சொல்ல எழுதவைத்தான்: “இந்த வருஷம் உலகமெங்கும் சூரியன் மங்கியது. காரணம் அறியோம். எல்லா நாட்டிலும் ஜனங்கள் மாண்டார்கள். முரசூரில் நெல் இருந்தது. திறக்க ராஜா தாமதித்தான்.”

வெட்டி முடித்த கல்தச்சன் உளியைக் கீழே வைக்கப் போனான். காரிநம்பி மாலையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, “இன்னும் ஒரு வரி இருக்கிறது, வெட்டு,” என்றார்.

“அமைச்சனும் தாமதித்தான்.”