எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்த தீ

கடல் தெரிந்தவனுக்குப் படகுப் பாடம் எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை என்பார்கள். ஸ்டெல்லா டீச்சர் அப்படி நினைக்கவில்லை. கழிமுகத்துப் படகுத்துறையில் உல்லாசப் படகு ஓட்டுகிறவர்களுக்குத் தீப்பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பவள் அவள். வயது முப்பத்திரண்டு. அவளுடைய மாணவர் கலியமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு.

முப்பது வருஷம் மீன்பிடித்த மனிதர். இருந்ததையெல்லாம் விற்று, இருபது பேர் உட்காரும் மோட்டார் படகு ஒன்று வாங்கியிருந்தார். காணும் பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள். அன்றைய கூட்டத்தை நம்பித்தான் அந்தப் படகு. டீச்சர் கையெழுத்துப் போட்டால்தான் அது ஓடும்.

"டீச்சர், ஒரு சந்தேகம். சுத்திலும் தண்ணி. நடுவுல தீயணைக்கிற சிலிண்டர் எதுக்கு?"

"படகைக் காட்டுங்கண்ணே."

காட்டினார். பின்பக்கம், எஞ்சின் பெட்டிக்கு நேர் மேலே, கூரைக் கம்பியில் சிவப்பு சிலிண்டர் தொங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அப்படியே காய்ந்திருந்தன.

"ஒண்ணு வைக்கச் சொன்னாங்க, நான் ரெண்டு வச்சிருக்கேன். எஞ்சின்லதான தீ பிடிக்கும்? மருந்தும் அங்கயே இருக்கட்டும்னு மாட்டிட்டேன்." சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு.

"நடுத் தண்ணிக்கு விடுங்க."

கரை கையகலமாகத் தெரிந்தபோது எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய் எஞ்சின் பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

"நான்தான் தீ. பெட்ரோல் தீ. என்னைத் தொடாம சிலிண்டரை எடுங்க."

கலியமூர்த்தி சிரித்தார். வலப்பக்கமாகக் கையை நீட்டினார். அவள் கை அங்கே இருந்தது. இடப்பக்கம் போனார். அங்கேயும் இருந்தது. துடுப்பை நீட்டினார். அதையும் பிடித்துக்கொண்டாள்.

"துடுப்பும் எரிஞ்சிடுச்சு."

"தண்ணி மொண்டு ஊத்துறேன்."

"ஊத்துங்க. பெட்ரோல் தண்ணிமேல மிதக்கும். நான் உங்க காலடிக்கே வந்துடுவேன்."

"அதான் இன்னொண்ணு இருக்கே." முன்பெஞ்சுக்கு அடியில் இருந்த பெட்டியைத் தட்டினார். பூட்டு ஆடியது.

"சாவி?"

"வீட்ல. சாமி மாடத்துல. துறைக்குச் சுத்திப் பாக்க வர்ற புள்ளைங்க நோண்டுதுங்கன்னு பூட்டி வச்சேன்."

அவள் கைகளை மடக்கவில்லை.

"நான் குதிச்சிருவேன் டீச்சர். எனக்கென்ன, நீச்சல் தெரியும்."

"தெரியும்ணே. மத்த இருபது பேருக்கு?"

கலியமூர்த்தி காலி பெஞ்சுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது. முப்பது வருஷக் கடலில் வராத பயம்.

ஸ்டெல்லா எழுந்து சிலிண்டரைக் கழற்றினாள். அழுத்தம் காட்டும் சின்னக் கண்ணாடிமேல் அப்பியிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். முள் பச்சையைவிட்டு சிவப்புக்கு இறங்கிக் கிடந்தது.

"எப்பலேர்ந்து டீச்சர் இப்படி?"

"குங்குமத்துக்குத்தான் தெரியும். கரைக்கு விடுங்க. இன்னிக்குக் கையெழுத்து இல்ல."

எங்கே மாட்ட வேண்டும் என்று அவள் சொல்லவேயில்லை. அவரும் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்து கூப்பிட்டார். இரண்டு சிலிண்டருக்கும் புதிதாக மருந்து நிரப்பியிருந்தது. ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில், அவருடைய வலது முழங்கால் படுகிற இடத்தில். இன்னொன்று ஏறி இறங்கும் வழியோரம், பூட்டில்லாமல்.

ஸ்டெல்லா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள்.

"புகை," என்றாள். பிறகு போய் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "நான்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. சிலிண்டர் அவர் கையில் இருந்தது. அதன் பாதுகாப்பு ஊசியைப் பிடுங்கிவிட்டிருந்தார். குழாயின் மூக்கு அவளைப் பார்த்து நின்றது.

அங்கேயே, எஞ்சின் பெட்டிமேல் வைத்தே கையெழுத்துப் போட்டாள்.

கலியமூர்த்தி துண்டை அவிழ்த்து, காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் இறங்கப் போகும்போதுதான் கேட்டார்.

"டீச்சர், வர்ற ஆயுத பூஜைக்குப் பொட்டை எங்க வைக்கிறது?"

ஸ்டெல்லா கரையில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எட்டின கைக்கு வைங்கண்ணே."