கல்மண்டபத்தில் மாறிய குரல்

எந்தத் திசை, எந்த வருஷம் என்றெல்லாம் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் தும்பைநாட்டை மணவாளராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு.

அவன் அவையில் முல்லைநாயகி என்றொரு பாடகி. பங்குனித் திருவிழாவில் வருஷா வருஷம் புதுப் பாட்டுகள் பாடுவாள். அடுத்த பங்குனிவரை நாடே அவற்றைத்தான் முணுமுணுக்கும். போன வருஷம் ஆற்றுமணலில் பாடினாள். உச்சக் குரல், துள்ளல் தாளம். கடைசியில் நின்றவனும் ஆடினான். இந்த வருஷம் ராஜா புதிதாகக் கட்டிய கல்மண்டபத்தில் பாடினாள். பாடியது அதே முல்லைநாயகிதான். பாட்டு மட்டும் தாழ்ந்த குரலில், நிதானமாக நகர்ந்தது.

அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. "இதுதானய்யா பாட்டு, மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது" என்றது ஒரு கட்சி. "தூக்கம் வருகிறது. எங்கள் பழைய முல்லைநாயகியைத் திருப்பிக் கொடுங்கள்" என்றது மறு கட்சி. வெற்றிலைக் கடையில் கைகலப்பு. புதுப் பாட்டைப் புகழ்ந்த புருஷனுக்கு ஒரு பெண்சாதி உப்பில்லாத ரசம் ஊற்றினாள். ராஜாவோ காலையில் ஒரு கட்சி, மாலையில் மறு கட்சி.

அவையின் இசைத்தலைவர் கடம்பவனருக்குத் தன் மருமகளை அவைப் பாடகியாக்க வெகுநாள் ஆசை. இதுதான் சமயமென்று ராஜாவிடம் போனார்.

"மன்னா, அவள் குரல் போய்விட்டது. அதை மறைக்கத்தான் இந்த இழுவை. நாளை அதே மண்டபத்தில் போன வருஷப் பாட்டை அப்படியே பாடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள்."

"ஆகட்டும்" என்றான் ராஜா, யோசிக்காமலேயே.

முல்லைநாயகி பதறிப்போய் மந்திரி சாத்தப்பரிடம் வந்தாள். "குரல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. அந்த மண்டபத்தில் வேகமாகப் பாடினால், ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. ஒத்திகையில் அதைக் கேட்டுத்தான் பாட்டையே மாற்றினேன்."

"இதை மன்னரிடம் சொல்வதுதானே அம்மா?"

"ஆசை ஆசையாகக் கட்டியிருக்கிறார். அதைக் குறை சொல்லிவிட்டு இங்கே பிழைக்க முடியுமா?"

"நீ சொல்லவே வேண்டாம்" என்றார் மந்திரி. "சொல்லவேண்டியவர் சொல்வார்."

மறுநாள் கல்மண்டபத்தில் சபை கூடியது. இரண்டு கட்சியும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"பாட்டுக்கு முன்னால் குற்றச்சாட்டை எல்லாரும் கேட்கட்டும்" என்று மெல்லச் சொன்னார் சாத்தப்பர். "கடம்பவனரே, கடைசி வரிசைக்கும் எட்டும்படி உரக்கச் சொல்லுங்கள். மன்னருக்கு நேரமில்லை, சட்டென்று முடியுங்கள்."

கடம்பவனர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூச்சுவிடாமல் முழங்கினார். கல்கூரை அதை வாங்கித் திருப்பி எறிந்தது. வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது.

"என்னய்யா உளறுகிறீர்?" என்றான் ராஜா.

இன்னும் உரக்க, இன்னும் வேகமாகச் சொன்னார். இரைச்சல் இரட்டிப்பானது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வியர்த்துப்போன கடம்பவனர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார். தெளிவாகக் கேட்டது.

சாத்தப்பர் வருத்தத்தோடு தலையாட்டினார். "நேற்று அரண்மனையில் கணீரென்று பேசினார், மன்னா. ஒரே நாளில் பாவம், குரல் போய்விட்டது."

"குரல் ஒன்றும் போகவில்லை" என்று சீறினார் கடம்பவனர். "இந்த மண்டபத்தில் இப்படித்தான் பேசித் தொலையவேண்டியிருக்கிறது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

ராஜாவுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம் வந்தது. எழுந்து கூரையைப் பார்த்து "ஓ" என்றான். அது திரும்பி வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மறுபடியும் "ஓ" என்றான். பிறகு முல்லைநாயகியிடம் திரும்பினான்.

"அப்படியானால் பாட்டை மாற்றியது நான்தானா?"

"இந்த மண்டபம் தனக்கொரு பாட்டுக் கேட்டது, மன்னா. அதற்குப் பிடித்ததைப் பாடினேன். மணலுக்குப் பிடித்தது வேறு."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "துள்ளல் வேண்டியவர்கள் ஆற்றுமணலுக்குப் போங்கள், நிதானம் வேண்டியவர்கள் இங்கே வாருங்கள். இரண்டு இடத்திலும் அவள் பாடுவாள். அவள் குரல் போய்விட்டதென்று எவனாவது சொன்னால், முதலில் அவன் இங்கே நின்று ஒரு பாட்டை வேகமாகப் பாடிக் காட்டவேண்டும். கடம்பவனரே, நீரே ஆரம்பியும்."

அன்றைக்குத் தொண்டை கட்டியிருப்பதாகக் கடம்பவனர் சைகையில் சொன்னார்.