தேவசகாயம் சொன்ன உண்மை

தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனம். அதில் தேவசகாயம் மேலாளர், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்குக் கீழே பல வருடமாகக் குமாஸ்தாவாக இருந்தவர் மைமூன். வேலை முழுவதும் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, இருவரும் சனிக்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். தேறாவிட்டால் தேவசகாயத்தைக் குடோனுக்கு மாற்றிவிடுவார்கள். தேறினால் மைமூனுக்கு, கேட்டுக் கேட்டும் கிடைக்காத அதிகாரி பதவி கிடைக்கும்.

அலுவலகத்தில் தேவசகாயத்தின் அறைக்குள் நுழையவே தயங்கும் மைமூன், வகுப்பில், "சார், மவுஸை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்.

தேர்வன்று ஆசிரியை கோமதி, "யாராவது உதவி செஞ்சா ரெண்டு பேர் தேர்வும் ரத்து. அப்புறம் அடுத்த வருஷம்தான்" என்று சொல்லித் தொடங்கிவைத்தார்.

முடியப்போகும் நேரத்தில் தேவசகாயத்தின் விரல் எங்கோ பட்டு, போட்டு வைத்திருந்த அட்டவணை முழுக்க அழிந்துபோனது. பக்கத்து இருக்கையிலிருந்து மைமூன் அதைப் பார்த்தார். கோமதி அந்தப் பக்கம் திரும்பியதும், எட்டி இரண்டு விசைகளை அழுத்தினார். அழிந்தது திரும்ப வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

இருவரும் தேறினார்கள். சான்றிதழ் தரும் நாளில் தேவசகாயம் எழுந்து நின்றார்.

"மேடம், எனக்கு இது வேண்டாம். அன்னைக்கு அழிஞ்சதை மைமூன்தான் மீட்டுக் கொடுத்தாங்க. மனசு உறுத்துது."

கோமதி, "தெரிஞ்ச பிறகு நான் எப்படிக் கொடுக்க முடியும், சார்?" என்று இரண்டு சான்றிதழ்களையும் மேசைக்குள் வைத்துவிட்டார்.

மைமூன் பையை எடுத்துக்கொண்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். அழவில்லை.

ஒருவர் விதியை மீறி உதவினார். ஒருவர் உண்மையைச் சொன்னார். ஒருவர் விதியைக் காத்தார். இதில் யார் செய்தது சரி?

விடை: கோமதிக்கு வேறு வழியில்லை; அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சரியாக நடந்தவர் மைமூன்தான். அவர் விடை எதையும் சொல்லித் தரவில்லை. தேவசகாயத்தின் உழைப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிடிபட்டிருந்தாலும், எல்லாம் அழிந்து நின்ற தேவசகாயத்துக்கு இழக்க ஒன்றுமில்லை. போவது மைமூனின் தேர்வு மட்டுமே. தேவசகாயமோ தன்னுடையதோடு மைமூனுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தன் சான்றிதழை வேண்டாமென்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் போதும். குடோனுக்குப் போன பிறகு அது அவருக்கும் விளங்கியது. மைமூனுக்காக அந்தப் பதவியை ஒரு வருடம் நிறுத்தி வைக்கும்படி நிர்வாகத்திடம் பேசப் போனார். போவதற்கு முன், இந்தத் தடவை, பேசலாமா என்று மைமூனிடம் கேட்டார்.