நரி சொன்ன சதுப்புக் கதை

அலையாத்திக் காட்டுச் சதுப்பில் கொடுக்கன் என்றொரு நண்டு இருந்தது. அதற்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காற்றடித்தால்கூட, "யார் அனுப்பிய காற்று?" என்று கேட்கும்.

அந்தச் சதுப்பில் சொல்லப்பட்ட அதிசயக் கதைகள் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. பனிமலை, பறக்கும் ஓநாய், கண்ணாடி அரண்மனை! பனியையே பார்க்காத நண்டுக் குஞ்சுகள் பனிக்கு நடுங்குவதுபோல விளையாடின.

கொடுக்கனுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நீர் வற்றியதும் எல்லாரையும் கூட்டியது.

"இனி அதிசயமும் நம் சேற்றில்தான் நடக்க வேண்டும்! நாளைக்கு இந்தச் சதுப்பில் என்னென்ன நடக்கலாம்? அதைக் கற்பனை செய்து சொல்லுங்கள். பிடித்த கதைக்கு நண்டுகள் பெரிய கையைத் தூக்குவோம். அந்தக் கதை நம் குஞ்சுகளுக்குப் பாடம்!"

முதலில் உள்ளான் குருவி வந்தது. குளிர்காலத்தில் மட்டும் வந்து தங்கும் பறவை.

"ஒருநாள் கடல் ஏறும், இறங்கவே இறங்காது. அப்போது ஒரு நண்டு தன் வளை வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு..."

"நிறுத்து!" என்றது கொடுக்கன். "நீ முட்டையிடுவது எங்கே?"

"வடக்கே."

"அப்படியானால் உன் கதையும் அங்கேதான் பொரிந்திருக்கும். ஒதுங்கு!"

அடுத்து நரி வந்தது.

"கொடுக்கண்ணே, நான் பிறந்தது இதோ, இந்தத் தில்லை மரத்தடியில். என் தாத்தாவும் இங்கேதான்!" என்று ஆரம்பித்தது. "ஒருநாள் பச்சைச் சூரியன் உதிக்கும். நண்டுகள் எல்லாம் மேட்டுப் புதருக்கு நடக்கும். அங்கே பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். கல்லைப்போல் புது ஓடு முளைக்கும். அப்புறம் நண்டைக் கண்டால் உலகமே ஓடும்!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கொடுக்கனின் கைதான் முதலில் உயர்ந்தது.

"அண்ணே, நாளை நீர் வற்றும்போது இதை நடித்துப் பார்ப்போமே! ஓடு கழற்றும் பருவத்துக் குஞ்சுகளை மட்டும் அனுப்புங்கள். பெரியவர்கள் வந்தால் அதுகள் கூச்சப்படும்" என்றது நரி.

மறுநாள் குஞ்சுகள் வரிசையாகக் கிளம்பின. கொடுக்கனின் மகள் செவந்தாதான் முன்னால் போனாள். கொடுக்கன் குஞ்சுகளோடு போகவில்லை. வெளியூர்ப் பறவை நாடகத்தைக் கெடுத்துவிடுமோ என்று உள்ளானுக்குக் காவல் இருந்தது.

"ஏய், உண்மையைச் சொல்! நண்டு வளையை அடைக்கும் என்று உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்ல வேண்டும்? வருஷா வருஷம் இந்தச் சேற்றில்தான் புழு தேடுகிறேன். ஓடு கழற்றும் நண்டு உள்ளே போய் வாயை அடைத்துக்கொள்கிறது. தெரியாமல் குத்தி என் அலகு எத்தனை தடவை வலித்திருக்கிறது!"

'சரியாகத்தான் சொல்கிறது. உளவு பார்த்திருக்குமோ?' என்று நினைத்த கொடுக்கன் சட்டென்று நின்றது. ஓடு கழற்றிய நண்டு வெண்ணெய்போல் மெத்தென்று இருக்கும். எந்த நண்டும் வெட்டவெளியில் ஓடு கழற்றாது. நரியின் கதையில் வளை எங்கே?

"ஐயோ! செவந்தா! வெட்டவெளியில் ஓடு கழற்றப் போயிருக்கிறாளே!"

நண்டின் ஓட்டம் மேட்டுக்கு எட்டுமா? உள்ளான் நொடியில் எழும்பிப் புதருக்கு மேலே வட்டமடித்துக் கத்தியது.

"ஓடு கழற்றாதீர்கள்! வளைக்கு ஓடுங்கள்!"

குஞ்சுகள் சிதறி ஓடின. புதருக்குள்ளிருந்து நரி பாய்ந்தது. செவந்தாவின் ஒரு கால் அதன் பல்லில் சிக்கியது. அந்தக் காலையே கழற்றி விட்டுவிட்டு அவள் சேற்றில் விழுந்து, பக்கத்து வளைக்குள் புகுந்துகொண்டாள்.

மூச்சிரைக்க வந்த கொடுக்கனைப் பார்த்து நரி பல்லிளித்தது. "என்னண்ணே, மண்ணின் மைந்தனைச் சந்தேகப்படலாமா?"

"நீ இந்த மண்தான். ஆனால் உன் கதையில் எங்களைத் தின்பவனின் ஆசை மட்டும்தான் இருக்கிறது!" என்றபடி கொடுக்கனும் அதே வளைக்குள் இறங்கியது.

உள்ளே ஒண்டியிருந்த செவந்தா கேட்டாள். "அப்பா, நேற்றே அந்தக் குருவியை முழுக்கச் சொல்ல விட்டிருந்தால் என்ன?"

கொடுக்கன், உள்ளான் சொன்னதுபோலவே, சேற்றை அள்ளி வளை வாயை அடைத்தது.

ஒரு கதை நம் மண்ணின் கதையா என்று அறிய, சொல்பவர் பிறந்த இடத்தைக் கேட்டால் போதாது. அந்தக் கதைக்குள் நம் வாழ்க்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.